தெருவைப் பார்த்து மாட்டிய துடைப்பம்

அம்சவள்ளி அக்காவின் முதுகுத்தண்டில் இரண்டு கம்பிகளும் ஆறு திருகாணிகளும் இருக்கின்றன. என் கடையில் வாங்கியவை அல்ல. திருச்சி ஆஸ்பத்திரியில் வைத்தது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவர் காட்டியபோது, "நல்லாத்தான்க்கா முடுக்கியிருக்காங்க" என்றேன். ஹார்டுவேர்ஸ் கடைக்காரன் வேறு என்ன சொல்வான்? அக்கா சிரித்தார். சிரிக்கும்போதும் முதுகு வளையாமல் நேராகத்தான் நின்றார்.

குரும்பலூரில் துறையூர் ரோட்டில் என் கடை. என் பெயர் அறிவரசன். கடைக்கு வருகிறவர்கள் அறிவு என்று கூப்பிடுவார்கள், அந்தப் பெயருக்கு நான் எந்த அளவு பொருத்தம் என்பது போகப் போகத் தெரியும். கடைக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் என் வீடு. அதற்கு அடுத்தது அக்கா வீடு. அக்கா வீட்டுக்கு நேர் எதிரே முத்துசாமி மேஸ்திரியின் வீடு. எங்கள் மூன்று பேருடைய அப்பன்மாரும் ஒன்றாகச் சேர்ந்து அடுத்தவன் காட்டில் களை கொத்துகிற வேலை செய்தவர்கள். இன்றைக்கு நான் கடை வைத்திருக்கிறேன், முத்துசாமி வீடு கட்டுகிற மேஸ்திரி, அக்கா சித்தாள். அதாவது, கல்லும் கலவையும் சுமந்து, மேஸ்திரி திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டும்போது அந்தக் கையில் வேண்டியதை வைக்கிறவர்.

இருபத்திரண்டு வருஷம் அந்த வேலை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் எந்தச் சுவர் எந்தச் செங்கல்லில் நிற்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். பாதி நாள் முத்துசாமியிடம்தான் வேலை. ஒரு தடவை, வயசு இருந்த காலத்தில், "மேஸ்திரி, ஒரு வரிசை நான் வச்சுப் பாக்கட்டுமா?" என்று கலவை பூசும் கரணைக்குக் கை நீட்டியிருக்கிறார். முத்துசாமி சிரித்துவிட்டு, "கலவை ஆறுது, போய்க் கொண்டா" என்றாராம். அதற்குப் பிறகு அக்கா கேட்கவில்லை. கேட்காமல் விட்டார் என்பதால் மறந்துவிட்டார் என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அரியலூர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டு வேலையில் சாரப் பலகை நழுவியது. அக்கா மணல் குவியலில் விழுந்ததால் உயிர் தப்பியது. ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொன்னது மூன்று. குனியக் கூடாது, குந்தக் கூடாது, பளு தூக்கக் கூடாது. வாழ்நாள் முழுக்க. அக்காவின் வீட்டுக்காரர் நல்லதம்பி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் பாலாஜி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நல்ல பிள்ளை. அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போனான். மூன்றாவது மாடியில் ஒரே அறை, கதவைத் திறந்தால் அடுத்தவர் கதவு. நாற்பது நாள் தாங்கினார். நாற்பத்தோராவது நாள் பஸ் ஏறி வந்துவிட்டார். "மருமவ நல்லாத்தான் பார்த்துக்கிட்டா தம்பி. ஆனா அங்க எனக்கு ஒரு வாசல் இல்ல" என்றார்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. சமையல், துணி எல்லாம் நின்றபடியே செய்யப் பழகினார். இடித்தது துடைப்பம்தான்.

எங்கள் பக்கத்தில் துடைப்பத்தை நிறுத்தி வைக்க மாட்டார்கள். நிறுத்தினால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று கணக்கு. கதவு மறைவில், ஆள் கண்ணில் படாமல், தரையில் படுக்கப் போட வேண்டும். தரையில் கிடப்பதை எடுக்க வேண்டுமானால் குனிய வேண்டும். தை மாதம் ஒரு காலையில் அக்கா குனிந்தார். முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே சரிந்து, ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை கதவு மறைவில் துடைப்பத்தோடு கிடந்தார். என் வீட்டுக்காரி கலைமணிதான் கண்டுபிடித்தாள். அக்கா வாசல் பெருக்காமல் கிடந்ததைப் பார்த்ததும் உள்ளே ஓடியிருக்கிறாள். சாவு விழுந்த வீட்டில்தான் வாசலைப் பெருக்காமல் விடுவார்கள். மற்றபடி நோயாளி வீட்டில்கூட யாராவது ஒருத்தி இரண்டு தட்டுத் தட்டிவிடுவாள்.

தகவல் தெரிந்து பாலாஜி ஓடி வந்தான். அன்றைக்கு அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடந்த சண்டை தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டு லீலாவதி, முத்துசாமியின் மனைவி, "நான் தெனம் பெருக்கி வுடறேன்டா" என்று சொல்லிப் பார்த்தாள்.

"எத்தன நாளைக்கி அத்த பெருக்குவீங்க? நீங்க ஊருக்குப் போனா யாரு பெருக்குவா?" என்ற பாலாஜி அம்மா பக்கம் திரும்பினான். "மாசி கடைசி ஞாயித்துக்கெழம வருவேன். அன்னிக்கி வாசல நீயே, ஒன் கையால பெருக்கியிருந்தா, இங்கயே இருந்துக்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். வேற யாராச்சும் பெருக்கியிருந்தாலோ, பெருக்காமக் கெடந்தாலோ, வூட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும்."

"வரேன்" என்றார் அக்கா. "பொய் சொல்ல மாட்டேன். பெருக்கலன்னா பெருக்கலன்னே சொல்றேன்."

மறுநாள் கடைக்கு வந்தார். என் கடைச் சுவரில் ஒரு வருஷமாகத் தூசி படிந்து தொங்கிய சாமான் ஒன்றைக் கையைக் காட்டிக் கேட்டார். கை நீளத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. அதில் ஐந்து பள்ளம், பள்ளத்துக்கு இரண்டு ரப்பர் உருளை. துடைப்பத்தின் காம்பை உள்ளே அழுத்தினால் உருளை கவ்விக்கொள்ளும், மேலே தூக்கினால் விட்டுவிடும். இடையிடையே கொக்கிகள். துடைப்பம், மாப், ஒட்டடைக் குச்சி எல்லாவற்றையும் சுவரில் வரிசையாக மாட்டிவைக்கிற ஸ்டாண்டு. டவுனில் போகிற சரக்கு. துடைப்பத்தைப் படுக்க வைக்கிற ஊரில் அதை யார் வாங்குவார்?

"அக்கா, தொடப்பத்த நிறுத்தலாமா? லட்சுமி போயிடுவாம்பாங்க."

"நாலு மணி நேரம் தொடப்பம் பக்கத்துலயே நானும் படுத்துக் கெடந்தேன். எந்த லட்சுமியும் வந்து எட்டிப் பார்க்கல. எடு."

எடுத்தேன். ஸ்டாண்டு மட்டும் போதாது என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. தென்னை விளக்குமாறு முழங்கை நீளம்தான் இருக்கும். நாலடி பி.வி.சி. பைப் வெட்டி, ஒரு முனையை நெருப்பில் காட்டி அகட்டி, ஈர்க்குக் கட்டை அதில் செருகி இறுக்கினோம். அதுபோலவே வீட்டுக்குள் பெருக்கும் பூந்துடைப்பத்துக்கும் ஒரு பைப். குப்பை அள்ளும் தகர முறத்துக்கும் ஒன்று. யோசனை அவருடையது. பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அன்றைக்கு மாலை டிரில் மிஷினோடு போனேன். கதவு மறைவுச் சுவரில் ஓட்டை போட்டு, பிளக் அடித்து, ஸ்க்ரூவை முடுக்கினேன். இரண்டு சுற்றிலேயே ஸ்க்ரூ பிளக்கோடு கையில் வந்துவிட்டது. பக்கத்தில் போட்டேன். புட்டு மாதிரி உதிர்ந்தது. அடுத்த சுவரிலும் அதே கதை. மேலே சிமெண்டுப் பூச்சு, உள்ளே அத்தனையும் மண். எனக்கு எரிச்சலாக வந்தது. அக்கா வெளியே போய், விரல் முட்டியால் முன்சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இதுதான் செங்கல்லு. பதினோரு வருஷம் முன்ன மழையில இந்தப் பக்கம் விழுந்தப்ப, மேஸ்திரி கட்டுனாரு. கலவை சுமந்தது நானு. சிமெண்டு ஒன்னுக்கு மணலு அஞ்சு. இது வுடாது."

"இது தெருவப் பார்த்த சொவுருக்கா."

"தெரியுது. மூணு சொவுரு மண்ணு. நாலாவதும் மண்ணா இருந்தா திருப்பூரு போயிருப்பேன். அந்த மிஷினக் குடு."

கொடுக்கத் தயங்கினேன். டாக்டர் குனியத்தான் கூடாது என்றார், நிற்கக் கூடாது என்று சொல்லவில்லை என்றார் அக்கா. குமிழி ஓடும் ரசமட்டத்தைச் சுவரில் வைத்து, தன் நெஞ்சு உயரத்துக்குக் கோடு போட்டார். கை அந்த உயரத்துக்கு நோகாமல் போய் வருகிறதா என்று வெறுங்கையால் நாலு தடவை பார்த்தார். பிறகு மிஷினை இரண்டு கையாலும் பிடித்து ஓட்டை போட்டார். இருபத்திரண்டு வருஷம் ஆயுதத்தை எடுத்துக் கொடுத்த கை அது. ஓட்டை நேராக விழுந்தது. நான் போட்டதைவிட நேராக.

மறுநாளிலிருந்து அக்காவின் படிப்பு ஆரம்பித்தது. ஆமாம், படிப்புதான். மாசி மாதம் வேப்பமரம் இலை கொட்டுகிற மாதம். அக்கா வாசலில் பெரிய மரம், ஒரு ராத்திரியில் தரை தெரியாமல் மூடிவிடும். நிமிர்ந்து நின்றபடி, இடுப்பைத் திருப்பாமல், காலை நகர்த்தி நகர்த்திப் பெருக்க வேண்டும். முதல் நாள் ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் மூன்று தடவை நாற்காலியில் உட்கார்ந்தார். முறத்தில் குப்பையைத் தள்ளும்போது இரண்டு பைப்பும் மோதிக்கொண்டு இலை திரும்பத் தரைக்கே போனது. இரண்டாம் நாள் அழுதார். அழுதுகொண்டே பெருக்கினார். ஆறாம் நாள் முறத்தைச் சுவரோரம் அண்டை கொடுத்து நிறுத்தினால் ஒரே கையில் தள்ளலாம் என்று கண்டுபிடித்தார். இரண்டு வாரத்தில் அரைமணி நேரமாகக் குறைந்தது. பெருக்கி முடித்து, விளக்குமாற்றை உருளையில் அழுத்தும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். காலையில் அந்தச் சத்தம் கேட்டால் கலைமணி, "அக்கா முடிச்சிட்டாங்க" என்பாள்.

ஆனால் நான் சொன்னது நடந்தது. தெரு பேசியது.

எங்கள் ஊரில் துடைப்பத்தைத் தெருவைப் பார்த்துத் தொங்கவிடுகிறவர்கள் இரண்டே வகை. வீடு கட்டுகிறவன் கண்ணேறு படாமல் இருக்கப் பூசணிக்காயோடு சேர்த்துத் தொங்கவிடுவான். இல்லையென்றால், எதிர்வீட்டுக்காரனோடு பகை. "ஒன் மூஞ்சிக்கு இது" என்று வாயால் சொல்லாமல் சொல்வது. அக்கா வீடு புது வீடு இல்லை. ஆகவே தெரு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. முத்துசாமி மேஸ்திரி வாசற்படி இறங்கினால் முதலில் கண்ணில் படுவது விளக்குமாறு, பூந்துடைப்பம், மாப், ஒட்டடைக் குச்சி என்று ஒரு அணிவகுப்பு. அதுவும் அவரே கட்டிய சுவரில். டீக்கடையில் யாரோ, "என்ன மேஸ்திரி, சித்தாளு ஒங்களுக்குத் தோரணம் கட்டியிருக்காப்ல" என்று கேட்டுவிட்டார்கள். மனுஷன் அன்றைக்கு டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அதோடு போயிருக்கும். அவர் மகள் நந்தினியைப் பெண் பார்க்க வேப்பந்தட்டையிலிருந்து வருகிறார்கள் என்று நாள் குறித்தார்கள். எல்லோருக்கும் லீவு ஞாயிற்றுக்கிழமைதானே. மாசி கடைசி ஞாயிறு, காலை பத்து மணி.

லீலாவதி வந்து அக்காவிடம் கெஞ்சினாள். "அம்சா, நல்ல காரியத்துக்கு வர்றவங்க கண்ணுல தொடப்பம் படலாமா? அந்த ஒரு நாளைக்கிக் கழட்டி வையேன்."

"கழட்டி மாட்ட அது காதுத் தோடு இல்ல லீலா. ஒம்பது மணிக்கெல்லாம் நான் பெருக்கி முடிச்சிருவேன். முடிச்சதும் மேல ஒரு பொடவையத் தொங்க வுட்டுடறேன். அவுங்க கெளம்பிப் போற வரைக்கும் எடுக்க மாட்டேன். போதுமா?"

லீலாவதிக்குப் போதும். முத்துசாமிக்குப் போதவில்லை. சனிக்கிழமை காலை என் கடைக்கு வந்தார். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும். அக்கா அன்றைக்குப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு மாதச் செக்கப்புக்குப் போயிருந்தார். அதுவும் எனக்குத் தெரியும். முத்துசாமி கட்டுகிற வீடுகளுக்கெல்லாம் பைப்பும் குழாயும் என் கடையில்தான் எடுக்கிறார்கள். அது எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரியும். எடுத்துக் கொடுத்தேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் சாப்பிடப் போனபோது அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். சுவரில் ஸ்டாண்டு இல்லை. துடைப்பங்கள் நாலும் வாசற்படியோரம் தரையில், வழக்கப்படி, ஒழுங்காகப் படுக்க வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் முறம், மேலே ஸ்டாண்டு. ஸ்க்ரூக்கள் ஒரு காகிதத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சுவரில் ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்து, மேலே வெள்ளையும் அடித்திருந்தார் மேஸ்திரி. எங்கே ஓட்டை இருந்தது என்றே தெரியவில்லை.

அக்கா அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "வேல சுத்தம்" என்றார்.

"அக்கா, மிஷின் எடுத்துட்டு வரேன். அஞ்சு நிமிஷத்துல மாட்டிடலாம்."

"நான் மாட்டுவேன். நாளைக்கழிச்சு அவரு கழட்டுவாரு. நீ ஸ்குரூடிரைவர் குடுப்ப."

நான் தரையைப் பார்த்தேன்.

"கழட்டுன கையாலதான் அது ஏறணும் தம்பி. அதுவரைக்கும் அங்கயே கெடக்கட்டும்."

"நாளைக்கி பாலாஜி வர்றானேக்கா!"

"தெரியும்" என்றவர் உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு நான் வெளியே வந்தபோது தெருவில் எல்லா வாசலும் பெருக்கித் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. முத்துசாமி வீட்டு வாசலில் தெருவை அடைத்துப் படிக்கோலம். எதிரே அக்கா வாசலில் இலை. ஒரு ராத்திரி முழுக்கக் கொட்டிய மஞ்சள் இலை, சருகு, காய்ந்த குச்சி. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார், நேராக, கையை மடியில் வைத்துக்கொண்டு.

லீலாவதி கோலமாவுக் கையோடு ஓடி வந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அம்சா, என்னடி இது? வாசல இப்படிப் போட்டிருக்க? வர்றவங்க எதிர்த்த வூட்டுல சாவான்னு கேக்க மாட்டாங்களா? எழவு வூட்டுக்கு எதிர்ல பொண்ணு பார்ப்பாங்களா?"

"நான் வேணும்னு போடல லீலா. தொடப்பம் தரையில கெடக்கு. எனக்குக் குனிய முடியாது. அவ்வளவுதான்."

"நான் பெருக்கறேன்" என்று அவள் விளக்குமாற்றை எடுக்கப் போனாள்.

"தொடாத." அக்கா குரலை உயர்த்தவில்லை. "நீ பெருக்கினா, எம்மவன் கேக்கறப்ப நீதான் பெருக்குனன்னு சொல்லுவேன். சொன்னா நான் இன்னிக்கே திருப்பூரு. எனக்கு இந்த வாசல்தான் வூடு. அத நீ எடுத்துக்காத."

லீலாவதி அழ ஆரம்பித்தாள். வெள்ளை வேட்டி சட்டையில் முத்துசாமி வெளியே வந்தார். அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

"என்னம்மா அம்சவள்ளி, எம் பொண்ணு காரியத்த வச்சு வெளையாடறியா?"

"ஒங்க பொண்ணு காரியம் இன்னிக்கி. என் காரியமும் இன்னிக்கித்தான் மேஸ்திரி. பெருக்கலன்னா நான் வூட்டப் பூட்டிட்டுப் போவணும். போனா அப்பறம் இந்த வாசல் தெனமும் இப்படித்தான் கெடக்கும். வருஷம் முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளும் எழவு வூட்டப் பார்த்துக்கிட்டு நீங்க இருங்க."

முத்துசாமி தரையில் கிடந்த இலையைப் பார்த்தார், திரும்பித் தன் வீட்டுக் கோலத்தைப் பார்த்தார். அந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்த்திருக்கவில்லை. துடைப்பம் போனால் அக்காவும் போவார் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது. தோன்றியும் பேசாமல் இருந்தேன்.

உள்ளேயிருந்து நந்தினி, பாதித் தலையில் பூவோடு, நிலைப்படியில் வந்து நின்றாள். "அப்பா, பெரம்பலூர் வந்துட்டாங்களாம். டீ குடிக்க நிறுத்தியிருக்காங்களாம். அத்தைக்கி அத மாட்டிக் குடுங்கப்பா. நீங்கதானே கழட்டுனீங்க?"

மணி எட்டேமுக்கால். நான் வீட்டுக்கு ஓடி டிரில் மிஷினையும் ரசமட்டத்தையும் கொண்டுவந்தேன். முத்துசாமி மிஷினுக்குக் கையை நீட்டினார். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து, அவரை முந்தி வாங்கிக்கொண்டார்.

"நீங்க எடுத்துக் குடுங்க மேஸ்திரி. நான் மாட்டிக்கறேன்."

நேற்று அடைத்த இடம் இன்னும் ஈரம். அதற்கு நாலு விரல்கடை தள்ளி அக்கா கோடு போட்டார். முத்துசாமி பட்டையைச் சுவரோடு அணைத்துப் பிடித்தார். அக்கா ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்தார்.

"இடது பக்கம் ஒரு நூல் தூக்குங்க."

தூக்கினார்.

"ஜாஸ்தி. எறக்குங்க. ம், அசையாதீங்க."

முப்பது வருஷம் சித்தாள்களிடம் அவர் சொன்ன வார்த்தைகள் அவை. அதே குரலில்கூட இருந்தன. மிஷின் ஓடியது. செங்கல் தூள் சிவப்பாக அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் இறங்கியது. அவர் தட்டிவிடவில்லை. அக்கா திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினார். அந்தக் கையில் முத்துசாமி பிளக்கை வைத்தார். மறுபடி நீட்டினார், ஸ்க்ரூவை வைத்தார். கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு அக்கா பட்டையை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு முத்துசாமி மேஸ்திரி குனிந்தார். தரையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்தார், உருளையில் அழுத்தினார். பூந்துடைப்பம், மாப், ஒட்டடைக் குச்சி, ஒவ்வொன்றாக. முறத்தைக் கொக்கியில் மாட்டினார். வீட்டுக்குள் போய்ச் சட்டையை மாற்றினார்.

அக்கா விளக்குமாற்றை மேலே தூக்கி எடுத்துப் பெருக்க ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் இடுப்பு திரும்பிவிடும். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். கலைமணி இரண்டு தடவை கையைப் பிசைந்தாள். ஒருத்தரும் ஒரு இலையைக்கூடத் தொடவில்லை. ஒன்பதே முக்காலுக்குத் தரை தெரிந்தது. தண்ணீர் தெளித்தார். நின்றபடியே கோலமாவை மேலிருந்து இறைத்து ஒரு சின்னக் கோலம் போட்டார். கோணல்தான், ஆனால் கோலம். துடைப்பங்களை மாட்டினார். சொன்ன சொல்லுக்கு, பழைய கத்தரிப்பூ நிறப் புடவை ஒன்றை மேலே தொங்கவிட்டார்.

பத்து மணிக்கு வேன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கி, தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போனார். யாரும் எதையும் கேட்கவில்லை. நந்தினிக்கு அந்த இடமே முடிந்தது, ஆனால் அது வேறு கதை.

பாலாஜி வந்தபோது பத்தரை. பஸ் லேட். தோளில் ஒரு பெரிய பை, காலியாகத் தொங்கியது. அம்மாவின் சாமானைக் கட்டிக்கொண்டு போகத்தான். வாசலில் நின்று தரையைப் பார்த்தான். எதிர்வீட்டில் செருப்புகளும் ஆட்களும் நிறைந்திருப்பதைப் பார்த்தான்.

"யாரும்மா பெருக்குனா?"

"நாந்தான்."

"விசேஷம்னு லீலா அத்த சேத்துப் பெருக்கியிருப்பாங்க. பொய் சொல்ல மாட்டேன்னு சொன்னியே?"

அக்கா தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாலாஜி என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த வீட்டுக்காரன் அம்மாவுக்குத்தானே பரிந்து பேசுவான் என்று இருந்தது. என் வாய் அப்படியே நின்றது.

எதிர்வீட்டுக் கூடத்தில் சம்பந்தி வீட்டார் நடுவே உட்கார்ந்திருந்த முத்துசாமி எழுந்து வாசலுக்கு வந்தார். கையில் காப்பித் தம்ளர் இருந்தது. உள்ளே இருக்கிறவர்களுக்குக் கேட்கும் என்று தெரிந்தேதான் கத்தினார்.

"டேய் பாலாஜி! ஒங்கம்மாதான் பெருக்குச்சு. முக்கா மணி நேரம். நான் நின்னு பார்த்தேன். அந்தப் பொடவையத் தூக்கிப் பாரு. தொடப்பமெல்லாம் அங்கதான் நிக்கிது."

கூடத்திலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பாலாஜி தயங்கித் தயங்கி வந்து புடவையின் ஓரத்தைத் தூக்கினான். அவனும் பார்த்தான், வேப்பந்தட்டைக்காரர்களும் பார்த்தார்கள். விளக்குமாற்று நுனியில் இன்னும் இரண்டு வேப்பஞ்சருகு சிக்கியிருந்தது. அவன் அந்த நாலடிப் பைப்பைத் தொட்டான், பட்டையைப் பிடித்து ஒரு தடவை அசைத்துப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குள் போகக் காலை எடுத்து வைத்தான்.

"செருப்ப வெளியவே வுட்டுட்டு வாடா" என்றார் அக்கா. "இப்பத்தான் பெருக்கியிருக்கேன்."

அவன் செருப்பைக் கழற்றினான். பையையும் அதன் பக்கத்திலேயே இறக்கி வைத்தான்.